கண்ணுக்குப் புலப்படாத பதம்

பொருள்களை மதிப்பிடுவது எளிய செயல் என்றே பலரும் எண்ணுகிறோம். விலையைக் கேட்கிறோம், கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கிறோம், எந்த நாட்டில் செய்தது என்று படிக்கிறோம், நல்லது, ஆகாதது என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். வாழ்நாளின் பெரும்பகுதியை இரும்போடும் உருக்கோடும் கழித்த நமக்கு, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு மடக்குக்கத்தியை மதிப்பிட இரண்டு ஆண்டுகள் ஆயின என்றால் வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும். அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததை உள்ளவாறே இங்கு எழுத முற்படுகிறோம்.

நாம் வசிப்பது பாரிவாக்கம்; பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். ஏரியும் வயலுமாக நாம் அறிந்திருந்த ஊர், நம் கண்முன்னேயே வீட்டு மனைகளாகிவிட்டது. இளமையில் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் கருவியும் அச்சும் செய்யக் கற்றோம். பின்னர், 1986இல், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, இரண்டு லேத்து, ஓர் அழுத்து இயந்திரம், ஓர் உலை ஆகியவற்றுடன் சொந்தப் பட்டறை தொடங்கினோம். நம்மோடு உழைத்தவர்கள் நால்வர். 2005இல் அந்தப் பட்டறையைப் பூட்டினோம்.

ஏன் பூட்டினோம் என்று எவரேனும் கேட்டால், பல ஆண்டுகளாக ஒரே விடையைத்தான் கூறிவந்தோம்: "வெளிநாட்டு மலிவுச் சரக்கு." 2001ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடு, எஞ்சியிருந்த 715 பொருள்களின்மீதிருந்தும் நீக்கப்பட்டது. அதன்பின் பாரிமுனைக் கடைகளில் பூட்டும் கத்தரிக்கோலும் நகவெட்டியும் கத்தியுமாக வந்து குவிந்தவற்றின் விலையைக் கேட்டபோது, அந்த விலைக்கு நமக்கு மூலப்பொருளே வாராது என்பதை உணர்ந்தோம். நம் விடையில் பொய் இல்லை. ஆயினும் முழு மெய்யும் இல்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நிற்க. நம் தங்கை புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுள் அவள் புகுந்த வீடும் ஒன்று. அவளுடைய மகன் இன்று பிரான்சின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஷாம்பேரி நகரில் பணிபுரிகிறான். 2022ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்தவன், பெட்டியைத் திறந்து ஒரு சிறு அட்டைப்பெட்டியை நம் கையில் வைத்தான்.

"மாமா, நீங்க இரும்புலயே ஊறினவரு. இதைப் பார்த்துச் சொல்லுங்க. எங்க ஊர்ல செய்யறது" என்றான்.

உள்ளே மரப்பிடி போட்ட ஒரு மடக்குக்கத்தி. ஒபினெல் என்பது அதன் பெயர், எட்டாம் எண். "என்ன விலை?" என்று கேட்டோம். பட்டறைக்காரன் கேட்கும் முதற்கேள்வி அதுதானே.

"பெரிசா ஒண்ணுமில்ல மாமா. அங்க ஒரு மணி நேரக் கூலிதான்."

அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட்டால், நம் பணத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். நமக்கு அது மலிவன்று. இங்கு ஒரு தொழிலாளியின் நாள் கூலியையே விழுங்கிவிடும் தொகை. எனினும் அங்கு அது விவசாயியும் வேலையாளும் பள்ளிப்பிள்ளையும் எண்ணிப் பாராமல் வாங்கும் கத்தி. ஆகவே நம் மனம் அதனை உடனே 'வெளிநாட்டு மலிவுச் சரக்கு' என்னும் பழைய கணக்கில் எழுதிக்கொண்டது. நன்றி கூறி வாங்கிக்கொண்டோமேயன்றி, உள்ளத்தில் மகிழ்ச்சி இல்லை.

நம் துணைவியாருக்கோ வேறோர் ஐயம். கத்தியை விரித்துக் காட்டியதும், "என்னப்பா இது, சினிமாவுல ரௌடிங்க விரிக்கிற கத்தி மாதிரி இருக்கு? வீட்டுல வைக்கலாமா?" என்று கேட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. உத்தரப் பிரதேசத்து இராம்பூரில் செய்யப்பட்ட நீண்ட விசைக்கத்திகளைத் திரைப்பட வில்லன்களின் கையில் கண்டு கண்டு, மடக்குக்கத்தி என்றாலே வம்புக்காரனின் கருவி என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. "அத்தை, அங்க தாத்தாங்க இதை வச்சுத்தான் ரொட்டியும் ஆப்பிளும் நறுக்கிச் சாப்பிடுவாங்க" என்று அவன் சிரித்தான். விமானத்தில் கைப்பையில் வைக்க அனுமதி இல்லை என்பதால் சரக்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததையும் கூறினான்.

அவன் ஊர் திரும்பிய பின், ஒரு நாள் மாலை, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கத்தியை ஆராய அமர்ந்தோம். குற்றம் காணவே அமர்ந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐந்தே உறுப்புகள். ஓர் அலகு; பீச் என்னும் மரத்தாலான ஒரு பிடி; பிடியின் தலைப்பை இறுக்கிப் பிடிக்கும் ஓர் உலோகப் பூண்; அலகையும் பிடியையும் பூணையும் சேர்த்துத் துளைத்துச் செல்லும் ஓர் ஆணி; பூணின்மேல் சுழலும் ஒரு வளையம். அலகை விரித்தபின் வளையத்தைத் திருப்பினால், அதன் விளிம்பு அலகின் அடியை மறித்து நிற்கும். வெட்டும்போது கத்தி மடங்கி விரலைக் கடிக்காது. வில் இல்லை, திருகு இல்லை. அலகின் நீளம் எட்டரைச் செண்டிமீட்டர். முழுக்கத்தியின் எடை ஏறத்தாழ 45 கிராம். துருப்பிடிக்காத உருக்கிலும் அவர்கள் செய்கிறார்கள்; நம் மருமகன் கொணர்ந்தது கரி உருக்கு, அதாவது நூற்றில் ஏறத்தாழ 0.9 பங்கு கரி கலந்த பழைய வகை.

குற்றம் காண வந்தவன் உறுப்புகளை மீண்டும் மீண்டும் எண்ணினோம். ஐந்துக்குக் கீழே குறைக்க இயலுமா என்று பார்த்தோம்; இயலாது. ஆறாவது ஒன்று வேண்டுமா என்று பார்த்தோம், வேண்டாம். விலையைக் குறைப்பது எப்படி என்று இருபது ஆண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்ட நமக்கு, அவ்விடத்தில் முதன்முறையாக ஒரு சிறு பொறாமை தோன்றியது.

அலகின்மேல் ஒரு முத்திரை இருந்தது: மேலே ஒரு மகுடம், கீழே விரல்களை உயர்த்தி ஆசீர் அளிக்கும் ஒரு கை. கத்தியின்மேல் ஆசீர் அளிக்கும் கைக்கு என்ன வேலை? தொலைபேசியில் மருமகனைக் கேட்டோம். அவன் கூறியதைப் பின்னர் நாமும் படித்து உறுதி செய்துகொண்டோம்.

சவோய் மலைநாட்டில் ஒரு சிற்றூரில் கொல்லர் குடும்பம் ஒன்று இருந்தது. பாட்டனார் ஆணி அடித்து ஊர் ஊராக விற்றவர். தந்தையார் கோடரியும் அரிவாளும் செய்தவர். பேரன் ஜோசப் ஒபினெல், 1890இல், தம் பதினெட்டாம் வயதில், நண்பர்களுக்காக இத்தகைய கத்திகளைச் செய்யத் தொடங்கினார். 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் செய்தார். 1909இல் தம் கத்திகளுக்கு ஒரு முத்திரையைத் தேடியபோது, அருகிலிருந்த சான் ழான் த மொரியேன் நகரின் சின்னத்தை எடுத்துக்கொண்டார். அந்நகரின் பேராலயத்தில் திருமுழுக்கு யோவானின் மூன்று விரல்கள் திருப்பண்டமாகப் போற்றப்படுகின்றன. ஆறாம் நூற்றாண்டில் தெக்லா என்னும் பக்தியுள்ள பெண்மணி கீழ்த்திசையிலிருந்து அவற்றைக் கொணர்ந்தார் என்பது மரபு. நகரின் பெயரே யோவானின் பெயர்தான். அந்தக் கைதான் கத்தியின்மேல் இருக்கிறது; மகுடம் சவோய்க் கோமகன்களின் நாட்டைக் குறிக்கிறது. சுழலும் வளையம் மிகவும் பின்னால், 1955இல், அக்குடும்பத்தவரான மார்செல் ஒபினெல் சேர்த்தது.

ஒரு புனிதரின் விரல்களைத் தன் சரக்கின்மேல் பொறித்துக்கொண்டதனால் ஒருவனுடைய சரக்கு நல்லதாகிவிடாது. கடைத்தெருவில் புனிதர் பெயரால் விற்கப்படும் பொருள்களை நாம் அறியாதவர்களல்லர். ஆகவே முத்திரையை விட்டு உருக்கைச் சோதித்தோம். பட்டறையைப் பூட்டியபோது விற்க மனமின்றி வைத்துக்கொண்ட நல்ல அரம் ஒன்று நம்மிடம் உண்டு. பதம் வைக்காத உருக்கில் அரம் மண்ணில் கலப்பை போல் இறங்கும். பதம் வைத்த உருக்கில் கண்ணாடிமேல் போல வழுக்கும். அலகின் முதுகில், பிடியை ஒட்டிய இடத்தில், அரத்தை மெல்ல இழுத்தோம். வழுக்கிற்று. சற்றே அழுத்தினால்தான் ஒரு மெல்லிய கீறல் விழுந்தது.

பதம் என்பது யாதென அறியாத அன்பர்களுக்காக இரண்டு சொல் கூறுவோம். கரி கலந்த உருக்கை ஏறத்தாழ 800 பாகைச் சூட்டில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது மிகக் கடினமாகும். ஆனால் தட்டினால் உடையும். பின்னர் அதை 200 பாகையை ஒட்டிய இளஞ்சூட்டில் வைத்து எடுத்தால், வெண்மையாகத் தேய்த்த மேற்பரப்பு வைக்கோல் நிறம் கொள்ளும். கடினம் சிறிது தணிந்து உறுதி கூடும். தொழிற்பேட்டையில் ஹார்டனிங், டெம்பரிங் என்போம். நம் ஊர்க் கொல்லர்கள் தோய்ச்சல் என்றும் பதம் என்றும் கூறுவார்கள். இந்த இரண்டு வேலைகளும் நடந்தனவா என்பதைக் கண்ணால் காண முடியாது. மெருகேற்றிவிட்டால் பதம் வைத்த அலகும் வைக்காத அலகும் ஒரே மாதிரி பளபளக்கும். வாங்குகிறவர் அறியார், விற்கிறவரும் பெரும்பாலும் அறியார். செய்தவன் ஒருவனே அறிவான்.

அவ்வாண்டு முழுவதும் கத்தி நம் சட்டைப்பையில் இருந்தது. பொட்டலக் கயிறு அறுக்கவும், கொய்யாவும் கரும்பும் சீவவும், வாழையிலை நறுக்கவும், பேத்தியின் பென்சிலைச் சீவவும் பயன்பட்டது. அலகு மெல்லியது, ஆகையால் வெட்டுவதில் அதற்கு நிகர் அரிது. மழுங்கினால் வீட்டிலுள்ள சாதாரணச் சாணைக்கல்லில் பத்து இழுப்பு இழுத்தாற் போதும். பழைய கூர் வந்துவிடும்.

2023 மே மாதம் மாங்காய் நறுக்கிவிட்டுக் கழுவாமல் மேசைமேல் வைத்தோம். சிறிது நேரத்தில் அலகு கறுத்து நீலம் பாரித்தது. அடுத்து நறுக்கிய துண்டில் இரும்பின் சுவை. "பார்த்தாயா, மலிவுச் சரக்கு!" என்று உள்ளூர மகிழ்ந்தோம். கரி உருக்கில் புளிப்புப் பட்டால் அப்படித்தான் கறுக்கும் என்பது நமக்குத் தெரியாததன்று. தெரிந்தும் மகிழ்ந்தோம்.

அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் நீர் ஏறிய பரபரப்பில், சன்னல் விளிம்பில் வைத்திருந்த கத்தியை மறந்துபோனோம். இரண்டு நாள் சாரலில் நனைந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது மரப்பிடி நீரை உறிஞ்சி உப்பி, அலகைக் கவ்விக்கொண்டிருந்தது. நகத்தால் இழுத்தாலும் வரவில்லை. மறந்தது நாம், நீரைக் குடித்தால் உப்புவது மரத்தின் இயல்பு. மருமகனிடம் கூறியபோது, "பிடியோட அடிப்பக்கத்தைக் கல்லுல தட்டுங்க மாமா, அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும்" என்றான். சவோய் நாட்டு முதியவர்கள் கையாளும் உபாயமாம் அது. நான்கு தட்டில் அலகு எட்டிப் பார்த்தது. இழுத்து விரித்தோம். இரு பக்கமும் செந்துரு.

இனி இதனைக் குப்பையில் போடுவதே முறை என்று எண்ணிக்கொண்டிருக்கையில், நம் துணைவியார் கத்தியை வாங்கிப் பார்த்தார். "இதுக்குப் போயி என்னங்க யோசனை? எங்கம்மா அரிவாள்மணையும் இப்படித்தானே இருக்கும்" என்றார். உள்ளே சென்று செங்கல் ஒன்றைப் பொடித்து வந்தார். ஈரத்துணியில் பொடியைத் தொட்டு, அலகின் போக்கிலேயே பொறுமையாகத் தேய்த்தார். துரு கரைந்தது. கழுவித் துடைத்து, அடுப்பங்கரைச் சூட்டில் சிறிது நேரம் வைத்து, தேங்காயெண்ணெய் தடவினார். பிடியிலும் ஆணி முனையிலும் எண்ணெயை ஊறவிட்டார். சில நாள்களில் மரம் உலர்ந்து சுருங்கியது. கத்தி முன்போல் மடங்கி விரிந்தது.

அதுவரை அந்தக் கத்தியை நாம் அந்நியன் என்றே கருதியிருந்தோம். அவரோ அதனைத் தம் தாய்வீட்டு அரிவாள்மணையின் தங்கை என்று கண்டுகொண்டார். பயன்படுத்தியதும் துடை, உலர்த்து, எண்ணெய் தடவு என்னும் மூன்று விதிகளை நம் அன்னையர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எவர்சில்வர் வந்த பிறகு நாம்தாம் அவற்றை மறந்துபோனோம்.

தேய்த்துக்கொண்டே அவர் சொன்ன ஒரு சொல்தான் நம்மைச் சுட்டது. "இது நல்ல இரும்புங்க. முன்ன பூந்தமல்லியில ஒரு கத்தி வாங்கினேனே, மஞ்சப் பிடி போட்டது, ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் தாங்கல. தக்காளியைக்கூட நசுக்கிச்சு. அதைச் செஞ்சவன் கையைப் பார்க்கணும்னு நெனச்சேன்."

நாம் ஒன்றும் பேசவில்லை. அவர் பார்க்க விரும்பிய கை அவருக்கு எதிரேதான் இருந்தது.

நடந்தது இதுதான். 2002இல் பாரிமுனை வியாபாரி ஒருவர், காய்கறி நறுக்கும் கத்தி மூவாயிரம் வேண்டும் என்று வந்தார். இறக்குமதிக் கத்தியின் விலையைக் காட்டி, அந்த விலைக்கு முடியுமா என்று கேட்டார். கணக்குப் போட்டோம். உருக்குப் பட்டையில் குறைக்க இயலாது. பிடியில் குறைக்க இயலாது. ஆட்களின் கூலியில் குறைக்க மனமில்லை. எஞ்சியது உலை ஒன்றுதான். உலையை எரியவிடாமல் இருந்தால், கத்தி ஒன்றுக்கு எண்பது காசு மிஞ்சும். பதம் வைக்காமலே பட்டை தீட்டி, மெருகேற்றி, மஞ்சள் பிடி மாட்டி அனுப்பினோம். நால்வருக்கும் அம்மாதக் கூலி கொடுத்தோம். அவர்களுள் மூத்தவர் மட்டும், அணைந்து கிடந்த உலையைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் நம் துணைவியார் பூவிருந்தவல்லிக் கடைத்தெருவிலிருந்து அவற்றுள் ஒன்றையே வாங்கி வந்தார். பிடியைக் கண்டதும் அறிந்துகொண்டோம். சொல்லவில்லை. வியாபாரி இரண்டாம் முறை வரவில்லை. மூன்றாண்டுகளில் பட்டறையும் நின்றது. மலிவுச் சரக்கு நம்மை வீழ்த்தியது என்று ஊரார்க்குச் சொல்லி வந்தோமே, அம்மலிவுச் சரக்கில் மூவாயிரத்தை நாமே செய்தோம் என்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

2024ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறு மார்ச்சு 24ஆம் நாள் வந்தது. ஆலயத்திலிருந்து கொண்டுவந்த ஓலைகளைத் திண்ணையில் பரப்பி, சிலுவை மடிக்க அமர்ந்தோம். ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் கீற வேண்டும்; அதற்கு அந்தக் கத்தியைப் போல் வாய்ப்பானது வேறில்லை. நாம் கீறித் தர, அவர் மடித்தார். ஐந்தாறு சிலுவைகள் ஆனதும் சொல்லிவிட்டோம். மஞ்சள் பிடி, வியாபாரி, அணைந்த உலை, எண்பது காசு, எல்லாவற்றையும் சொன்னோம். இருபத்திரண்டு ஆண்டுகளாக வாராத சொற்கள் இரண்டு நிமிடங்களில் வந்துவிட்டன.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, "எத்தனை கத்தி?" என்று கேட்டார்.

"மூவாயிரம்."

"மூவாயிரம் வீடு" என்றார். மேலும் ஒரு சிலுவை மடித்து முடித்தார். "மூவாயிரம் பொம்பளைங்க திட்டியிருப்பாங்க. நான் ஒருத்தி திட்டினதுதான் உங்க காதுல விழுந்திருக்கு."

சினமாகவும் இல்லை, மன்னிப்பாகவும் இல்லை அந்தக் குரல். கணக்கைச் சரிபார்ப்பவர் குரலாக இருந்தது. எண்பது காசு என்று நாம் போட்டிருந்த கணக்கில் அந்த வரி இல்லை. ஆள் கூலியைக் காப்பாற்றினோம் என்று நமக்கு நாமே கூறிக்கொண்ட ஆறுதலை அவரிடமும் கூற வாயெடுத்தோம். பிறகு கூறவில்லை. கூலியைக் கொடுத்தவர்கள் நாமல்லர். அறியாமல் அதைக் கொடுத்தவர்கள் அந்த மூவாயிரம் வீட்டினர். அவர்களிடம் ஒரு சொல் கேட்காமல் எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பின் இன்னும் ஒன்பது மாதம் அந்தக் கத்தியைப் பயன்படுத்தியே நம் மதிப்பீட்டை முடித்தோம். வாங்க எண்ணும் அன்பர்களுக்காக அதனையும் கூறிவிடுவது நம் கடமை.

முதலில் குறைகள். இதனை விரிக்க இரு கை வேண்டும், அவசரத்துக்கு ஆகாது. கரி உருக்கு அலகு புளிப்புக்கும் ஈரத்துக்கும் ஆற்றாது. துடைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் துருப்பிடிக்காத வகையையே வாங்குவது நன்று. நம் பருவமழைக் காலத்தில் மரப்பிடி உப்பக்கூடும். எண்ணெய் ஊறவிட்டால் பெரிதும் தணியும். மெல்லிய அலகாதலால் தேங்காய் உடைக்கவோ, டப்பா மூடியை நெம்பவோ கூடாது. அது அரிவாளுக்கும் நெம்புகோலுக்கும் உரிய வேலை. பிள்ளைகள் கையில் கொடுப்பதானால், வளையத்தைத் திருப்பிப் பூட்டும் பழக்கத்தை முதலில் கற்பிக்க வேண்டும். அந்த ஊரில் அது மலிவு. நம் ஊர்க் கூலிக்கு மலிவன்று.

இனி நிறைகள். வெட்டும், தீட்டினால் மீண்டும் வெட்டும், பூட்டினால் பூட்டியபடி நிற்கும். பிடியைத் தேய்த்துக்கொள்ளலாம், எண்ணெயிடலாம். அலகில் கண்ணுக்குத் தெரியாத வேலை குறைவின்றி நடந்திருக்கிறது. அதன் விலை குறைந்ததற்குக் காரணம், வேண்டாதவற்றை விட்டதே, வேண்டியதை விட்டதன்று. மலிவு இரு வகை என்பதை அறுபது வயதுக்குமேல் ஒரு மரப்பிடிக் கத்தியிடமிருந்து கற்றோம். மிகையை நீக்கி வரும் மலிவு ஒன்று. பதத்தை நீக்கி வரும் மலிவு மற்றொன்று. இரண்டும் கடையில் ஒரே விலைச்சீட்டோடு தொங்கும். முன்னதை எந்த நாட்டான் செய்தாலும் வாங்கலாம்; பின்னதை நம் தெருக்காரனே செய்தாலும் வாங்கக்கூடாது. வெளிநாடு, உள்நாடு என்று நாம் பிரித்து வைத்திருந்த பழைய கணக்கு இங்கு உதவவில்லை.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் திண்ணையில் சாணைக்கல்லோடு அமர்கிறோம். அக்கம்பக்கத்தார் கத்தியும் அரிவாள்மணையும் கொண்டுவருகிறார்கள், காசு வாங்குவதில்லை. இதனைப் பரிகாரம் என்று நாம் பெயரிடவில்லை. அத்தனை எளிதில் தீரும் கணக்கன்று அது. பதமில்லாத அலகைச் சாணைக்கல் காப்பாற்றாது. மூன்று நாள் வெட்டும், நான்காம் நாள் மழுங்கும். அத்தகைய கத்தி வந்தால், "அம்மா, இதில் பதம் இல்லை, பழையபடி மழுங்கிவிடும். தவறு உங்கள் கையில் இல்லை, செய்தவன் கையில்" என்று சொல்லியே தீட்டித் தருகிறோம்.

மஞ்சள் பிடி போட்டது இதுவரை ஒன்றும் வரவில்லை. வருகிறதா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கிறோம்.